இறங்கியதற்கான காரணம்: ஐந்தில் ஒன்றைத் தெரிவுசெய்க

1

ஆபிரிக்காவில் இருந்து அந்தக் கடிதம் வந்தபோது நான் ஸ்காபரோவில், பள்ளிக்கூட பஸ் ஒன்றின் கடைசி இருக்கைக்குக் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தொழில் அப்படி. பிள்ளைகளை எல்லாம் இறக்கி முடிந்ததும் சாரதி பின்பக்கம் வரை நடந்து போய், நித்திரையாகிப்போன பிள்ளை ஏதும் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அன்றைக்குப் பிள்ளை இல்லை. ஒற்றைச் சப்பாத்து ஒன்று கிடந்தது. மற்றக் காலில் மட்டும் சப்பாத்தோடு ஒரு பிள்ளை எப்படி வீட்டுக்குப் போனது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் கைத்தொலைபேசி அதிர்ந்தது.

கடிதத்தின் பொருள்: 'வாகனத்தை விட்டு இறங்கிய சம்பவம்.' இறங்கியவர் நான். கூடவே இறங்கியவர் என் மனைவி வசந்தி. இடம், கிழக்கு ஆபிரிக்காவில் ஒரு தேசியப் பூங்கா. அதிலும் சிங்கங்கள் நடமாடும் பகுதி. பூங்காவின் பெயரை இங்கே எழுதமாட்டேன். அங்கே இன்னும் வேலை செய்யவேண்டிய மனிதர் ஒருவர் இருக்கிறார். கடிதம் அவரைப் பற்றியது. எங்கள் ஜீப்பை ஓட்டிய பராக்காவின் வழிகாட்டி அனுமதிப்பத்திரத்தை நிறுத்திவைத்திருக்கிறார்களாம். பயணி ஏன் இறங்கினார் என்பதை ஏழு நாட்களுக்குள் இணைப்பில் உள்ள படிவத்தில் தெரிவிக்கவேண்டுமாம். தெரிவிக்காவிட்டால் பத்திரம் இரத்து.

படிவத்தைத் திறந்தேன். காரணத்தை எழுத இடம் இல்லை. ஐந்து பெட்டிகள் இருந்தன, ஒன்றைத் தெரிவுசெய்யவேண்டும். படம் எடுப்பதற்காக. இயற்கை உபாதைக்காக. வாகனம் பழுதானதால். மதுபோதையால். சாரதி இறங்கச் சொன்னதால்.

பஸ்ஸின் கடைசி இருக்கையில் இருந்து ஐந்தையும் இரண்டு தரம் வாசித்தேன். எனக்கு வந்த கோபத்தை ஊரில் இருந்து வாசிக்கிற உங்களுக்கு எப்படிச் சொல்ல? ஐம்பத்திரண்டு வயதில் நான் ஏன் சிங்கத்துக்கு முன்னால் இறங்கி நடந்தேன் என்பதை, என்னைக் கேட்காமலே ஒருவர் தீர்மானித்து, ஐந்தாகப் பிரித்து, பெட்டியிலும் போட்டு வைத்திருக்கிறார். அவற்றில் ஒன்றாவது உண்மையாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

2

இருபத்தைந்தாவது கலியாணநாள் என்றால் ரொறன்ரோவில் அதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. மண்டபம் எடுக்கவேண்டும். ஆளுயரக் கேக் வெட்டவேண்டும். நரைக்கு மை பூசிக்கொண்டு மறுபடி மாலை மாற்றவேண்டும். பழைய படங்களைத் திரையில் ஓடவிட்டு, "அப்ப எவ்வளவு மெலிவு" என்று முந்நூறு பேர் சொல்லக் கேட்டுச் சிரிக்கவேண்டும். நான் இதற்கு மனதைத் தயார்ப்படுத்தி வைத்திருந்தேன்.

எங்கள் மகள் அபி வந்து கெடுத்தாள். வயது இருபத்திமூன்று, காப்புறுதிக் கொம்பனியில் வேலை. அவளும் பத்தொன்பது வயதுத் தம்பி நிரோவும் சேர்ந்து கோடை விடுமுறைக்கு சஃபாரி பதிந்துவிட்டார்கள். என்னைக் கேட்கவில்லை. "அப்பா, யூ நெவர் டூ எனிதிங் ஃபன்," என்றாள். முப்பது வருடமாக ஊரெல்லாம் சிரிக்கவைக்கிறவனைப் பார்த்துப் பெற்ற பிள்ளை சொல்லுகிற வார்த்தை.

என்னோடு பஸ் ஓடுகிற கிருபா அண்ணையிடம் சொன்னேன். அவர் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"காசு குடுத்துக் காட்டுக்குப் போறியோ? சண்டை நேரம் நாங்கள் சும்மாவெல்லோ போனனாங்கள்."

"இது வேற காடு அண்ணை. சாப்பாடு தருவினம்."

"திரும்பி வாறதுக்கும் ரிக்கெற் எடுத்திட்டியோ எண்டு ஒருக்காப் பார்."

அதற்குப் பிறகு எனக்கு நித்திரை கெட்டது. பூட்டிய கதவை இரண்டு தரம் பூட்டிப் பார்க்கிற ஆள் நான். ஊசி போடப் போன இடத்தில், மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி இருக்கிறது, சிங்கத்துக்கு என்ன இருக்கிறது என்று தாதியிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, எதையோ கணினியில் பதிந்தார். பயண நிறுவனம் அனுப்பிய அறிவுறுத்தல்களில் ஒரே ஒரு வரிதான் எனக்குப் பிடித்தது. இராணுவ உடை நிறத்தில் பயணிகள் எதுவும் உடுத்தக்கூடாது. நல்ல நாடு என்று நினைத்தேன்.

3

சஃபாரி என்பது என்ன என்று கேட்பீர்கள். விலங்குகள் வெளியே திரியும், மனிதர்களைக் கூண்டில் வைத்துக் காட்டுவார்கள். விடியற்காலை எழுப்பி, கூரை திறக்கிற ஜீப்பில் ஏற்றி, புழுதிக்குள்ளால் மூன்று மணித்தியாலம் குலுக்கி, தூரத்தில் ஒரு புள்ளியைக் காட்டி "காண்டாமிருகம்" என்பார்கள். அது திரும்பிக்கூடப் பார்க்காது. பலூனில் ஏற்றி மேலேயிருந்தும் காட்டுவார்களாம். நான் கீழே நின்று கைகாட்டினேன்.

சிறுத்தை ஒன்று மரத்தில் இருக்கிறது என்று வோக்கிடோக்கியில் செய்தி வந்தது. போய்ப் பார்த்தால் மரத்தைச் சுற்றிப் பதினாலு ஜீப். எங்கள் கலியாணவீடுகளில் வீடியோக்காரர்கள் மணவறையை மறைத்துக்கொண்டு நிற்பார்களே, அதே நிலை. தாலி கட்டியதையும் காணவில்லை, சிறுத்தையையும் காணவில்லை. வால் மட்டும் தொங்கியது.

ஆனால் பராக்காவைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன். நாற்பது வயது இருக்கும். கண்ணாடியில் எங்களைப் பார்த்தபடியே, புல்லுக்குள் படுத்திருக்கிற விலங்கையும் காணுவார். வசந்திக்கு இடுப்பு நோ என்று தெரிந்ததும் பள்ளங்களைச் சுற்றி ஓட்டினார். ஒவ்வொரு காலையும் புறப்பட முன்னம், முன்னிருக்கையின் முதுகில் ஒட்டியிருந்த எட்டு விதிகளையும் வாசிப்பார். முதலாவது, நான் சொல்லாமல் வாகனத்தை விட்டு இறங்கவேண்டாம். நான் தலையை ஆட்டுவேன். நானும் காலையும் மாலையும் ஒரு பஸ் நிறைந்த பிள்ளைகளுக்கு அதையே சொல்லுகிறவன். "பஸ் சாரதியா?" என்று அவர் கேட்டு, எழும்பி நின்று கைதந்தார். தன்னுடைய பயணிகளைவிட என்னுடையவர்கள் ஆபத்தானவர்கள் என்றார். அந்தப் புகழை வைத்துக்கொண்டு நான் அடுத்த நாள் அவருக்குச் செய்த கைமாறுதான் மிச்சக் கதை.

4

மூன்றாம் நாள் பகல் பத்து மணி. பாதைக்கு இடப்பக்கம், ஒரு முள்மரத்துக்குக் கீழே பெண்சிங்கம் ஒன்று இரண்டு குட்டிகளோடு படுத்திருந்தது. எங்கள் வீட்டு முன்வாசலில் இருந்து பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டி எவ்வளவு தூரமோ, அதைப்போல மூன்று மடங்கு. நிரோ வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். பராக்கா பத்து நிமிடம் காட்டிவிட்டு மெதுவாக நகர்த்தி, அந்த மரம் இன்னும் பின்னால் தெரிகிற தூரத்தில் ஒரு வளைவில் திரும்பினார்.

அங்கே பாதைக்குக் குறுக்கே ஒரு தடி போட்டிருந்தது. பச்சைச் சீருடையில் இரண்டு பேர், தோளில் துப்பாக்கி. களவாக வேட்டையாடுகிறவர்களைப் பிடிக்கிற வனக்காவலர்கள். பராக்காவின் பத்திரத்தைப் பார்க்க நின்றார்கள், அவ்வளவுதான். ஒருவர் கையை உயர்த்தினார். பராக்கா இயந்திரத்தை நிறுத்தினார்.

அதற்குப் பிறகு எனக்கு நினைவு தொடங்குவது நிலத்தில் இருந்துதான். வலது கையில் பாஸ்போட், படம் உள்ள பக்கம் விரித்து, நெஞ்சுக்கு நேரே. நிலத்தைப் பார்த்தபடி, வேகமாகவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல் தடியின் வலப்பக்கத்தால் நடந்துகொண்டிருக்கிறேன். காவலர் கத்துகிறார். கத்தினால் இன்னும் கெதியாக நடக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். நடந்தேன். பின்னால் பிள்ளைகள் "அப்பா, அப்பா" என்று குழறுகிறார்கள். திரும்பிப் பார்க்கக்கூடாது என்பதும் எனக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை.

புல் சரசரத்தது. காவலர் துப்பாக்கியைத் தோளில் இருந்து எடுத்தார். நான் இரண்டு கைகளையும் உயர்த்தினேன். அப்போதுதான் குழல் என்னை நோக்கி இல்லை என்பதைக் கண்டேன். எனக்குப் பின்னால், எழும்பி நின்ற சிங்கத்தை நோக்கி இருந்தது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு துப்பாக்கி எனக்காக வேறு பக்கம் பார்த்தது. அதை இரசிக்கிற நிலையில் நான் இருக்கவில்லை.

மற்றக் காவலர் என் சட்டைக் கொலரில் பிடித்து, பயணப்பொதியைத் தூக்கிப் போடுவதுபோல ஜீப்புக்குள் போட்டார். பிறகு பாதையின் இடப்பக்கம் போனார். அங்கே வசந்தி நின்றாள். கைப்பையின் வாயைத் திறந்து முன்னால் நீட்டிப் பிடித்தபடி, தனியாக. அவர் தொப்பியைச் சரிசெய்து, "அம்மா, தயவுசெய்து" என்று ஆங்கிலத்தில் சொல்லி அழைத்துவந்தார். எனக்குக் கொலர், அவளுக்குத் தயவுசெய்து. இதையும் என் முறைப்பாடுகளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிங்கம் திரும்பப் படுத்துவிட்டது. என்னைத் தின்னலாமா என்று ஒரு கணம் யோசித்து, வேண்டாம் என்று விட்டிருக்கிறது. அந்த அவமதிப்பு வேறு.

5

ரொறன்ரோவுக்குத் திரும்பியதில் இருந்து இந்தக் கதையை நான் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சிங்கத்துக்குக் கைகொடுக்கப் போனேன் என்று ஒரு வீட்டில். சைவமா என்று கேட்கப் போனேன் என்று இன்னொரு வீட்டில். எல்லோரும் சிரித்தார்கள். நிரோ எடுத்த வீடியோ குடும்பக் குழுவில் வந்தபோது மட்டும் நான் சத்தம்போட்டு அழிக்கச் சொன்னேன். முழுவதும் நான் பார்க்கவும் இல்லை.

கடிதம் வந்த அன்று பின்னேரம் படிவத்தைக் கணினியில் திறந்து சாப்பாட்டு மேசையில் கொண்டுவந்து வைத்தேன்.

"ஜஸ்ற் பிக் நம்பர் டூ, அப்பா," என்றாள் அபி. "ஒருத்தரும் கேள்வி கேட்க மாட்டினம்."

"ரெண்டைப் போட்டால், ரொய்லெற் உள்ள இடத்தில நிப்பாட்டாதது றைவரின்ர பிழை எண்டு வரும்."

"ஓகே, நம்பர் வன்."

"படம் எடுக்க இறங்க விட்டது ஆர்?"

"மூண்டு?"

"பழுதான ஜீப் ஆரின்ர?"

"நாலு," என்றான் நிரோ, குளிர்சாதனப் பெட்டிக்குள் தலையை விட்டபடி.

"வெறிகாரனை ஏத்திக்கொண்டு திரிஞ்சது ஆரடா? அதோட, நான் குடிச்சால் உன்ர கொம்மாவும் குடிச்சிருக்கோணும். அவவும் இறங்கினவ."

வசந்தி அடுப்பில் இருந்து திரும்பவில்லை. "அஞ்சைப் போட்டியள் எண்டால் இந்த வீட்டுக்குள்ள வராதேங்கோ."

அதுதான் அந்தப் படிவத்தின் கெட்டித்தனம். எந்தப் பெட்டியைத் தொட்டாலும் பராக்காவின் தலையில் விழும். வேறு காரணம் என்று ஒரு பெட்டி இல்லை. ஒன்றும் தொடாமல் அனுப்பினால், சிவப்பு எழுத்தில் திட்டும்.

அபி கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். "சரி. வாட்ஸ் த ரியல் ரீசன்? நாங்கள் தனியா ஈமெயில் எழுதுவம்."

"சிங்கம் சைவமோ எண்டு..."

"அப்பா." அவள் சிரிக்கவில்லை. "அந்த ஆளுக்கு வேலை போகப்போகுது."

அவள் தாயிடம் திரும்பினாள்.

"அம்மா, நீங்களேன் இறங்கினனீங்கள்?"

"அப்பா இறங்கினார், நானும் இறங்கினன்."

"ஆனா நீங்கள் அப்பாக்குப் பின்னால போகேல்ல. யூ வென்ற் டு தி அதர் சைட். அங்க ஒருத்தரும் இல்லை. ஏன் அங்க போய்த் தனிய நிண்டனீங்கள்?"

வசந்தி அகப்பையோடு திரும்பிப் பார்த்தாள். உப்புப் போத்தல் எங்கே என்று கேட்டதுபோல இருந்தது அவள் முகம்.

"பொம்பிளையள் அந்தப் பக்கமெல்லோ."

நிரோ குளிர்சாதனப் பெட்டியை மூடினான்.

ஊரில் இருந்து வாசிக்கிற உங்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. எனக்கு எதிரே இருந்த இரண்டு பேருக்குத் தேவைப்பட்டது. சொன்னேன். யுத்த காலத்தில் ஊரில் ஆமிக்காரரின் தடைமுகாம் வந்தால் பஸ் நிற்கும், ஒருவரும் சொல்லாமலே எல்லோரும் இறங்குவோம், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம். அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு நடக்கவேண்டும். வெறும் பஸ் தன்பாட்டில் தடியைத் தாண்டிப் போய் நிற்கும். நாங்கள் நடந்து போய் ஏறுவோம். சில வேளை ஏறியபிறகு ஒரு இருக்கை வெறுமையாக இருக்கும். பஸ் வெளிக்கிடும். ரியூசனுக்குப் போக இரண்டு தடி, வர இரண்டு தடி.

"யூ நெவர் டோல்ட் அஸ்," என்றான் நிரோ.

"அதில என்ன பகிடி இருக்கு, சொல்லுறதுக்கு?"

அவன் கைத்தொலைபேசியை எடுத்தான். "வீடியோவை நான் டிலீட் பண்ணேல்ல. குறூப்பில இருந்துதான் எடுத்தனான். அப்பா, இதில பராக்கா பேசுறது கேட்குது."

கேட்டது. கதவு திறபடுகிற சத்தத்தோடு, "சேர், இருங்கள். சேர், இருங்கள். சேர்!" மூன்று தரம். அதோடு முன்னிருக்கையில் இருந்து ஒரு கை நீண்டு என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடிக்கிறது. நான் அதை உதறிக்கொண்டு இறங்குகிறேன். பராக்காவைக் காப்பாற்ற இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் வீடியோ அதோடு முடியவில்லை. காவலர் துப்பாக்கியை எடுக்கிறார். அரைக் காற்சட்டை, வழுக்கைக்கு மேலே தொப்பி, உயர்த்திய கையில் கனேடியப் பாஸ்போட். அந்த மனிதன் ஒரு சின்னக் குரலில், திரும்பத் திரும்ப, ஏதோ சொல்லுகிறான். நிரோ ஒலியைக் கூட்டினான்.

"ஸ்ருடன்ற், சேர். ஸ்ருடன்ற்."

பத்தொன்பது வயதில் எனக்குத் தெரிந்திருந்த ஆங்கிலம் அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லும் என்னைப் பல தடவை மறுபக்கத்தில் பஸ்ஸில் ஏற்றிவிட்டிருக்கின்றன. அவை எனக்குள் இன்னும் காவலில் நிற்கின்றன என்று எனக்குத் தெரியாது. பத்தொன்பது வயது மகன் பக்கத்தில் இருந்து பார்க்கிறான்.

"முன் பாதியை மட்டும் வெட்டி அனுப்பு," என்றேன்.

"வெட்டினா எடிற்றட் எண்டு சொல்லுவாங்கள்," என்றாள் அபி. காப்புறுதிக் கொம்பனியில் அவளுக்கு அதுதான் வேலை. "முழுசா அனுப்போணும். இல்லாட்டி அவருக்கு உதவாது." பிறகு மெதுவாக, "உங்களுக்கு விருப்பமில்லையெண்டா அனுப்பேல்ல, அப்பா. நீங்கள் சொல்லுங்கோ," என்றாள்.

முப்பது வருடமாக நானாகப் பார்த்துப் பார்த்துத்தான் ஆட்களைச் சிரிக்கவைத்திருக்கிறேன். இது என் கையில் இல்லாத சிரிப்பு. முன்பின் தெரியாத அலுவலகத்தில், நாலு பேர் மதிய இடைவேளையில் கூடி நின்று பார்க்கலாம்.

என் பஸ்ஸில் ஒரு பிள்ளை கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினால் என் அனுமதிப்பத்திரம் போகும். அந்தப் பிள்ளையின் தகப்பன் வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால், அவனை நான் என்ன சொல்லித் திட்டுவேன் என்று யோசித்துப் பார்த்தேன். நல்ல வளமான சொற்களாக வந்தன.

"அனுப்பு," என்றேன்.

6

நான் சொல்லச் சொல்ல அபி ஆங்கிலத்தில் தட்டினாள். துப்பாக்கி வைத்திருந்த சீருடைக்காரர் வாகனத்தை மறித்தார். நான் வளர்ந்த இடத்தில் அப்படி மறித்தால் இறங்கவேண்டும். இறங்காதவனுக்கு என்ன நடக்கும் என்பதைப் பார்த்திருக்கிறேன். சாரதி மூன்று தரம் தடுத்தார், சட்டையிலும் பிடித்தார். வீடியோவைப் பாருங்கள். பிழை அவருடையது இல்லை. என்னுடையதும் இல்லை.

"கடைசி லைன் வேண்டாம் அப்பா. இற் சவுண்ட்ஸ் ஆங்ரி."

"கோபத்திலதான் எழுதுறன். கிடக்கட்டும். உங்கட ஃபோமில ஆறாவது பெட்டி ஒண்டு வேணும் எண்டும் போடு."

அனுப்பிய அடுத்த நிமிடமே பதில் வந்தது. நன்றி, தயவுசெய்து இணைப்பில் உள்ள படிவத்தைப் பயன்படுத்தவும். மறுபடி அனுப்பினோம். மறுபடி நன்றி. அந்த இயந்திரத்துக்கு என்ன மரியாதை என்று நினைக்கிறீர்கள். அபி வேலையில் லீவு போட்டு, அந்த நாட்டு நேரத்துக்குத் தொலைபேசி எடுத்து, ஐந்தாவது தடவை ஒரு மனிதக் குரலைப் பிடித்தாள். குரலுக்குரிய அம்மா தன் சொந்த முகவரிக்கு அனுப்பச் சொன்னார்.

பிறகு பன்னிரண்டு நாள் ஒரு சத்தமும் இல்லை. ஒவ்வொரு காலையும் பஸ்ஸை எடுக்க முன்னம், "ஒருத்தரும் இருக்கையை விட்டு எழும்பக்கூடாது" என்று பிள்ளைகளுக்குச் சொல்லுவேன். சொல்லி முடிய, முன் கண்ணாடியில் பராக்காவின் முகம் வந்து நிற்கும். கிருபா அண்ணையிடம் உண்மையைச் சொன்னேன். அவர் பகிடி விடவில்லை. "நானெண்டாலும் இறங்கியிருப்பன்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா ஸ்ருடன்ற் எண்டு சொல்லியிருக்கமாட்டன். அப்பவே என்ர முகத்துக்கு ஒருத்தரும் நம்பேல்ல," என்றார்.

பதின்மூன்றாம் நாள் பின்னேரம், நாங்கள் சாப்பிட இருக்கிற நேரம், பராக்காவிடம் இருந்து குரல்செய்தி வந்தது. பத்திரம் திரும்பக் கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை முதல் ஓடுகிறேன், மாமா எப்படி இருக்கிறார். அவர்கள் பாசையில் மாமா என்றால் அம்மாவாம், வசந்தியைத்தான் கேட்டார். என்னைக் கேட்கவில்லை. கூடவே ஒரு படம். ஜீப்பின் முன்னிருக்கை முதுகில் ஒட்டியிருந்த பழைய விதிப் பட்டியல். எட்டுக்குக் கீழே புதிதாக ஒன்பதாவது அச்சடித்திருந்தார்கள். ஆறாவது பெட்டி கேட்டவனுக்கு ஒன்பதாவது விதி.

அபி அதைத் தமிழில் தாய்க்கு வாசித்தாள். அவளுடைய தமிழில் கொஞ்சம் நேரம் எடுத்தது.

"துவக்கு வைச்சிருக்கிற ஆக்கள் ஜீப்பை மறிச்சாலும், நீங்கள் இறங்கத் தேவையில்லை. இருந்த இடத்திலேயே இருங்கோ. உங்களுக்காக றைவர் கதைப்பார்."

வசந்தி கைத்தொலைபேசியை வாங்கி, விரல்களால் எழுத்தைப் பெரிதாக்கி, தானும் ஒருமுறை பார்த்தாள். பிறகு மேசையில் வைத்துவிட்டுச் சோற்றைப் போட்டாள்.

"இதை முதலே சொல்லியிருக்கலாமெல்லோ," என்றாள்.

எவ்வளவு முதலே என்று நான் கேட்கவில்லை.